எஞ்சிய நாட்கள் எவருடையவை?



கடந்த மாரியில் மழை விடாது பெய்த ஒரு கிழமை முழுவதும் நான் வீட்டினுள்ளே அடைபட்டுக் கிடந்தேன். தாதியர் பயிற்சி பெறும் என் பேத்தியும் விடுமுறையில் வந்து நின்றாள். தீராத நோயுற்றவருக்கு அந்தச் செய்தியை எவ்வாறு சொல்வது என்பது பற்றி அவள் ஏதோ எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். அதற்காகச் சில திரைப்படங்களைப் பார்க்கும்படி அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "அப்பப்பா, நீங்களும் இருந்து பாருங்கோவன்" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். கண் மங்கிய நான் மடிக்கணினியின் சிறு திரையில் என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்ற எண்ணத்தோடுதான் அமர்ந்தேன். நான்கு இரவுகளில் நான்கு படங்கள் பார்த்தோம். முதலாவது படத்திற்குப் பின்னர் எனக்கு நித்திரை வரவில்லை. அதன் காரணத்தை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த முதலாவது படம் யப்பானியப் படம். அகிரா குரோசாவா 1952 ஆம் ஆண்டில் எடுத்த 'இகிரு'. 'வாழ்தல்' என்பது அதன் பொருள். படம் தொடங்கும்போது நாம் காண்பது ஒரு முகத்தையல்ல; ஓர் எக்ஸ்ரே படத்தையே காண்கிறோம். இது இக்கதையின் நாயகனுடைய வயிறு, இதில் புற்றுநோய் இருக்கிறது, ஆனால் அவருக்கு அது இன்னும் தெரியாது என்று ஒரு குரல் சொல்கிறது. பார்க்கின்ற நமக்குத் தெரிந்துவிட்டது, உரியவருக்குத் தெரியாது. வத்தனாபே என்னும் அந்த மனிதர் நகரசபைக் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தவர். கடதாசிக் கட்டுகளின் நடுவே முத்திரை குத்திக்கொண்டிருப்பதே அவர் தொழில்.

அவர் வைத்தியரைக் காணப் போகிறார். வெளியே காத்திருக்கும் இடத்தில் இன்னொரு நோயாளி பேச்சுக் கொடுக்கிறான். "வயிற்றில் சாதாரண புண் என்றும், சத்திரசிகிச்சை வேண்டாம் என்றும், விரும்பியதைச் சாப்பிடலாம் என்றும் வைத்தியர் சொன்னால், அது புற்றுநோய்தான்" என்ற கருத்தில் அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். உள்ளே போனதும் வைத்தியர் அதே சொற்களை ஒன்றும் தவறாமல் சொல்கிறார். சாதாரண புண்தானாம். வத்தனாபேயின் கையிலிருந்த மேலங்கி நழுவி விழுகிறது. உண்மையைச் சொல்லும்படி அவர் மன்றாடிக் கேட்கிறார். வைத்தியர் அசையவில்லை. அவர் வெளியேறிய பின்னரே, இன்னும் ஆறு மாதந்தான் என்று உதவி வைத்தியரிடம் சொல்கிறார்.

வாசகர்களே, இந்த இடத்தில் நான் பேத்தியிடம் படத்தைச் சற்று நிறுத்தச் சொன்னேன். ஏனென்றால் 'வயிற்றுப்புண்' என்ற அதே சொல்லை நானும் என் வாயால் சொல்லியிருக்கிறேன், என் சொந்தத் தகப்பனாருக்கு.

அது 1979 ஆம் ஆண்டு. ஐயாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெலிந்துகொண்டே போனார். சோதனைகள் எல்லாம் முடிந்ததும் வைத்தியர் அண்ணரையும் என்னையும் விறாந்தைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஐந்தாறு மாதம் என்றார். "அவருக்குச் சொல்லுவதோ விடுவதோ உங்கள் விருப்பம்" என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தான். நோய் ஒருவருடையது, செய்தி மற்றவர்களுடையது. பஸ் நிலையத்திலே நின்று, ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள், நானும் அண்ணரும் முடிவெடுத்துவிட்டோம். ஐயாவுக்கு வயிற்றுப்புண். மருந்து எடுத்தால் ஆறிவிடும். வீட்டுக்கு வந்து சித்தப்பாவுக்கு மட்டும் சொன்னோம். அம்மாவுக்கு இரண்டு மாதம் கழித்தே சொன்னோம். அதன்பின் அம்மா பகலில் சிரித்த முகத்தோடு கஞ்சி பருக்குவார், இரவில் கிணற்றடியில் இருந்து அழுவார்.

இதில் நாங்கள் ஏதோ கொடுமை செய்ததாக அப்போது நினைக்கவில்லை. அன்பினாலேயே செய்தோம். எம்மைச் சுற்றியிருந்த எல்லாரும் அவ்வாறே செய்தார்கள். கீழைத்தேசத்தவரின் பழக்கம் இது என்று எவரும் எண்ணிவிடவும் வேண்டாம். 1961 இல் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையே அங்கு விசாரிக்கப்பட்ட வைத்தியர்களில் நூற்றுக்கு 90 பேர் விரும்பினார்கள். 1979 இல் அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது 97 பேர் சொல்லவே வேண்டும் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு நாட்டு வைத்தியர்களின் மனச்சாட்சி இப்படித் தலைகீழாகியிருக்கிறது. யப்பானிலோ பழைய வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. 1989 தை 7 ஆம் திகதி இறந்த சக்கரவர்த்தி ஹிரோகித்தோவுக்கே தமக்குப் புற்றுநோய் என்பது கடைசிவரை சொல்லப்படவில்லை. தேசத்துக்கும் அவர் இறந்த பின்னரே அறிவித்தார்கள். ஒரு நாட்டின் சக்கரவர்த்திக்கும் எங்கள் ஐயாவுக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே நிலைதான்.

படத்துக்குத் திரும்புகிறேன். வத்தனாபே வீட்டுக்கு வந்து, மாடியிலே மகனின் அறையில் விளக்கேற்றாமல் இருக்கிறார். வெளியே சென்றிருந்த மகனும் மருமகளும் பேசிக்கொண்டே ஏறி வருகிறார்கள். தகப்பனின் சேமிப்பையும் ஓய்வுப் பணத்தையும் வைத்துப் புது வீடு கட்டுவது பற்றிய பேச்சு. இருட்டில் இருந்து அவர் எல்லாவற்றையும் கேட்கிறார். பின்னொரு நாள் மகனிடம் சொல்ல வாயெடுக்கிறார். மகனோ, தகப்பன் யாரோ ஒரு பெண்ணுடன் காசைக் கரைக்கிறார் என்று எண்ணிச் சீறி விழுகிறான். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இதன்பின் அவர் மகனிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

வைத்தியர் ஒளித்தார். அதனால் நோயாளியும் ஒளித்தார். ஒரு வீட்டுக்குள் ஒளிப்பு ஒருமுறை நுழைந்துவிட்டால் அது ஒரு திசையில் மட்டும் நில்லாது. அவர் இறந்த பின்பு மகன் ஒரு விடயத்தைக் கண்டுபிடிக்கிறான். வங்கிப் புத்தகம், முத்திரை, ஓய்வுப் பணத்துக்கான பத்திரங்கள் எல்லாவற்றையும் தகப்பன் அவன் பெயருக்கு ஒழுங்காகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியானால் ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறது! இதை அறிந்தும் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அவன் நொந்துபோகிறான்.

எங்கள் ஐயாவுக்குத் தெரிந்திருந்ததா? எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் எனக்கு அது தெரியாது. ஒரு நாள் மாலை, முற்றத்துச் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தவர் கேட்டார்: "தம்பி, புண் எண்டால் ஆற இவ்வளவு நாள் எடுக்குமோ?" நான் சொன்னேன்: "வயது போனால் ஆறச் சுணங்கும் ஐயா." அவர் என் முகத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பார்வையின் பொருள் என்ன? என் பொய்யை அவர் நம்பினாரா? அல்லது, பொய் சொல்லுகிற பிள்ளைக்குச் சங்கடம் வேண்டாம் என்று தாமும் நம்பியவர்போல நடித்தாரா? அப்படி நடித்திருந்தால், அந்த வீட்டில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் நாடகமாடிக்கொண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே அழுதிருக்கிறோம்.

டால்ஸ்டாய் 1886 இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற கதையைக் குரோசாவா மனதில் வைத்தே இப்படத்தை எடுத்தார் என்பார்கள். அக்கதையின் நாயகனை நோவுக்கும் மேலாக வாட்டுவது சுற்றியிருப்பவர்களின் பொய்தான். நீர் சாகவில்லை, வெறும் சுகவீனந்தான் என்று எல்லாரும் நடிக்கிறார்கள். கெராசிம் என்ற நாட்டுப்புறத்து வேலைக்காரன் ஒருவன் மாத்திரம் நடிக்கவில்லை. எசமான் சாகப்போகிறார், ஆகையால் அவருக்குப் பணிவிடை செய்வது எனக்குச் சிரமமில்லை என்று அவன் வெளிப்படையாக நினைக்கிறான். எசமானுக்கு ஆறுதல் கிடைப்பது அவன் ஒருவனிடத்தில்தான். எங்கள் வீட்டில் கெராசிம் இருக்கவில்லை.

இனி வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயா திரும்பிப் படுத்த பக்கத்தில் இருந்த வேலிக்கு அப்பால் மாமியின் வளவு. மாமி ஐயாவின் ஒரே தங்கை. ஒரு முறை வேலி அடைத்தபோது கதியால் வரிசை ஒரு முழம் இங்காலை வந்ததா அங்காலை போனதா என்பதில் பிணக்கு எழுந்து, அண்ணனும் தங்கையும் பதினொரு வருடம் பேச்சில்லை. ஒரே கோவிலில் ஒரே பூசை காண்பார்கள். வாசலில் முகம் திருப்பிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி எத்தனை வேலிகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளுவையும் பூவரசும் வளருகிற வேகத்துக்குப் பகையும் வளரும்.

படுக்கையில் விழுந்த பின்பு ஐயாவின் மனம் இளகத் தொடங்கியதை நான் கண்டேன். மூன்று தடவையாவது என் காதுபடச் சொன்னார்: "சுகம் வரட்டும், ஒருக்காப் போய் அவளோடை கதைச்சுப்போட்டு வருவம்." ஒவ்வொரு முறையும் நான் என்ன சொன்னேன்? "ஓம் ஐயா, சுகம் வந்தாப்போல போவம்." சுகம் வராது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். தவணை இல்லாத மனிதனுக்குத் தவணை கொடுத்தேன். அவர் படுக்கையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் மாமி முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறைத்ததற்கு இன்னொரு விலையும் கொடுத்தோம். அக்காலத்தில் நோயாளியின் வீட்டுக்குக் குருவானவரைக் கூப்பிடுவதென்றாலே வீட்டார் நடுங்குவார்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயரே மூச்சடங்கும் நேரத்தைச் சொல்வது. வத்திக்கான் சங்கம் 1963 இல் அதை நோயாளரின் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றும், மரணத் தறுவாய்க்கு மாத்திரம் உரியதல்ல என்றும் சொல்லியிருந்தது. 1972 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்கையே புதுப்பித்திருந்தார். இவையெல்லாம் 1979 இல் பங்கிலே எமக்குச் சொல்லப்பட்டவைதான். ஆயினும், சுவாமி வாசலில் வந்தால் ஐயா விளங்கிக்கொள்வார் என்று பயந்து நாளைக் கடத்தினோம். கடைசியில் சுவாமி வந்தபோது ஐயாவுக்கு நினைவு இருக்கவில்லை. நல்ல மரணம் வேண்டிச் சூசையப்பரிடம் நாள்தோறும் மன்றாடிய மனிதருக்கு, அந்த மரணத்தை எதிர்கொண்டு நிற்க நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

மற்றப் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பக்க நியாயமாகிவிடும். 'இகிரு'வையே 1953 ஆம் ஆண்டு லண்டன் நகரத்துக் கதையாக மாற்றி, 2022 இல் 'லிவிங்' என்று ஆங்கிலத்தில் எடுத்திருக்கிறார்கள். திரைக்கதை எழுதியவர் நாகசாகியில் பிறந்த கசுவோ இஷிகுரோ. நாயகனாக நடித்தவர் பில் நை. இதிலே வைத்தியர் ஒளிக்கவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்த மனிதருக்கும் மகனிடம் சொல்ல வாய் வரவில்லை! வைத்தியர் உண்மை பேசினால் போதும், வீட்டுக்குள் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று எண்ணியிருந்த என் பேத்திக்கு இது ஏமாற்றமாயிருந்தது.

பிரெஞ்சு இயக்குநர் அன்யெஸ் வார்தாவின் 'ஐந்திலிருந்து ஏழு வரை கிளியோ' 1962 இல் வந்தது. தன் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகி பாரிஸ் வீதிகளில் அலைகிறாள். படம் ஓடுகிற ஒன்றரை மணி நேரந்தான் கதையின் நேரமும். கடிகாரம் எம்மோடு சேர்ந்தே நகர்கிறது. முடிவிலே வைத்தியர் காரில் இருந்தபடியே, ஏதோ கடைச் சாமான் விலை சொல்வதுபோல, இரண்டு மாதச் சிகிச்சை பற்றிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அப்படிச் சொல்லும் முறை அழகல்ல என்பதை எவரும் ஒத்துக்கொள்வர். ஆனால் அவள் முகத்திலே அதுவரை இருந்த பயம் கலைந்துவிடுகிறது. தெரியாதிருக்கும்போது இருந்த பயத்திலும் பார்க்கத் தெரிந்தபின் உள்ள பயம் சிறிதாயிருக்கிறது.

நான்காவது படமே என் நியாயத்துக்கு எதிராக நிற்பது. லுலு வாங் என்ற பெண் இயக்குநர் தம் சொந்தக் குடும்பத்தில் நடந்ததை வைத்து 2019 இல் எடுத்த 'பிரியாவிடை'. சீனாவில் சாங்சுன் நகரத்தில் ஒரு பாட்டிக்குச் சுவாசப்பையில் புற்றுநோய். மூன்று மாதம் என்கிறார்கள். குடும்பம் முழுவதும் கூடி மறைக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் அமெரிக்காவிலிருந்தும் யப்பானிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் பாட்டி சந்தேகப்படுவார் அல்லவா? அதற்காகப் பேரன் ஒருவனுக்கு அவசரமாக ஒரு கலியாணத்தையே ஏற்பாடு செய்கிறார்கள். நியூயோர்க்கில் வளர்ந்த பேத்தி, இது சரியா என்று கேட்கிறாள். அவளுடைய பெரியப்பா சொல்கிற பதிலின் சாரம் இது: மேல்நாட்டில் ஒருவருடைய உயிர் அவருக்கே சொந்தம் என்று நினைக்கிறீர்கள், இங்கே ஒருவரின் உயிர் குடும்பத்தின் ஒரு பகுதி, அந்தப் பாரத்தை அவருக்காக நாங்கள் சுமக்கிறோம்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் சித்தப்பாவே பேசுவதுபோல இருந்தது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்பதுதான் சித்தப்பாவின் வாதம். அவர் தமிழ் வாத்தியார். எதிர்த்துப் பேச எமக்குத் துணிவில்லை. படத்தின் முடிவோ இன்னும் பெரிய அடி. அந்த உண்மையான பாட்டி, நோய் கண்டு ஆறு வருடம் கழிந்தும் உயிரோடிருக்கிறார் என்று எழுத்துக் காட்டுகிறார்கள். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப என்ன சொல்லுறியள்?" என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். பாட்டி ஆறு வருடம் இருந்ததற்குப் பொய்தான் காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. வைத்தியர்கள் மாதக் கணக்கில் பிழை விடுவது புதுமையல்ல. ஆனாலும் அந்தப் பாட்டி கலியாண மண்டபத்தில் பிள்ளைகள் சூழச் சிரித்தது மெய்யான சந்தோஷந்தான். அதை நான் மறுக்கமாட்டேன். அதே பாட்டி முன்பு தம் கணவருக்கும் அப்படியே மறைத்தவர் என்பதும் படத்தில் வருகிறது. ஆகவே தெரிந்திருந்தாலும் அவர் அதையே விரும்பியிருக்கலாம். அவருடைய வழி அவருக்குப் பொருந்தியிருக்கலாம்.

புனித அகுஸ்தீனாரும் இந்தக் கேள்வியை விட்டுவைக்கவில்லை. ஏறக்குறைய கி.பி. 420 இல் பொய்க்கு எதிராக அவர் எழுதிய நூலிலே ஓர் உதாரணம் உண்டு. கடும் நோயாளி ஒருவர். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அவருக்கு அது தெரியாது. "என் மகன் உயிரோடிருக்கிறானா?" என்று அவர் உங்களைக் கேட்கிறார். உண்மை சொன்னால் அவர் உயிர் போகலாம். என்ன சொல்வீர்கள்? பொய் எந்த நிலையிலும் ஆகாது என்பதே அகுஸ்தீனாரின் தீர்ப்பு. ஆனால் இப்படியான உதாரணங்கள் தம் மனதைப் பெரிதும் உலுக்குகின்றன என்பதையும் அந்தப் பெரியவர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். அந்த ஒப்புக்கொள்ளல்தான் எனக்கு அவருடைய தீர்ப்பிலும் பார்க்கப் பிடித்தது. இலேசான கேள்வி இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். வள்ளுவரின் நிபந்தனையைச் சித்தப்பா பாதிதான் வாசித்தார். நன்மை தருமா என்று கேட்டோம். குற்றமற்றதா என்று கேட்கவில்லை. ஒருவருக்கு எவ்வளவு நாள் எஞ்சியிருக்கிறது என்பதை வைத்தியர் ஓரளவு சொல்லலாம். அந்த நாட்களில் செய்துமுடிக்க என்ன எஞ்சியிருக்கிறது என்பதை அந்த ஒருவரைத் தவிர வேறெவரும் கணக்குப் பார்க்க முடியாது. பாட்டிக்கு வேண்டியது பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்ப்பது, அது நடந்தது. ஐயாவுக்கு வேண்டியது வேலிக்கு அப்பால் போய் ஐந்து நிமிடம் பேசுவது. அந்த வேலி எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அவருக்கு நோவு குறைய வேண்டும், மனம் கலங்கக்கூடாது, நிம்மதியாகக் கண்மூட வேண்டும் என்று நாங்கள் போட்ட பட்டியலில் மாமியின் பெயர் இல்லை. ஐந்து மாதம் அவருடைய சொந்தச் சொத்து. அதை நாங்கள் எங்கள் பயத்துக்குச் செலவழித்தோம்.

வாழ்வு குறுகியது என்று எம்மில் யாருக்குத் தெரியாது? ஒவ்வொரு செத்தவீட்டிலும் பந்தலின் கீழ் இருந்து "இவ்வளவுதான் சீவியம்" என்று தலையாட்டுகிறோம். 'இகிரு'வின் பிற்பகுதி இதைத்தான் காட்டுகிறது. உண்மையை அறிந்த வத்தனாபே முதலில் குடித்தும் கூத்தாடியும் பார்க்கிறார், அதில் ஒன்றுமில்லை. பின்பு தம் மேசையில் கிடந்த ஒரு மனு நினைவுக்கு வருகிறது. கழிவுநீர் தேங்கி நுளம்பு பெருகும் ஒரு குழியை மூடிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் கேட்டு ஏழைத் தாய்மார் கொடுத்த மனு. பகுதி பகுதியாக அலைக்கழிக்கப்பட்ட மனு. எஞ்சிய மாதங்கள் முழுவதையும் அதற்கே கொடுக்கிறார். அவர் மனம் மாறி எழுந்து போகிறார், உடனே ஐந்து மாதம் கழித்து நாயகன் இறந்துவிட்டார் என்று அந்தக் குரல் சொல்லிவிடுகிறது. எஞ்சிய படம் முழுவதும் அவருடைய செத்தவீடு. உடன் வேலை செய்தவர்கள் குடித்துக்கொண்டு, திடலைக் கட்டியது யார், அவருக்கு நோய் தெரியுமா தெரியாதா என்று வாதாடுகிறார்கள். வெறி ஏற ஏற உண்மை வெளிவருகிறது. நாமும் அவரைப் போல இருப்போம் என்று கண்ணீரோடு சபதம் எடுக்கிறார்கள். அடுத்த நாள் கந்தோரில் எல்லாரும் பழையபடி கடதாசிக் கட்டின் பின்னால். ஒருவன் மட்டும் பொறுக்காமல் எழுந்து நின்று, பின் மெல்ல உட்காருகிறான். ஐயாவின் 31 ஆம் நாள் பூசை முடிந்த அன்றே காணிப் பத்திரத்தைப் பற்றிக் கதை தொடங்கிய எங்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்கவில்லை.

அண்மையில் பார்த்தவை தவிர ஒரு பழைய படமும் இந்தக் கிழமையில் என் நினைவுக்கு வந்தது. சிறுவனாயிருந்தபோது ஐயா எங்களைப் பட்டணத்துப் படமாளிகைக்குக் கூட்டிச்சென்று காட்டிய படம்: 1962 இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. புற்றுநோயாளியான கணவனாக முத்துராமன், மனைவியாகத் தேவிகா. வைத்தியராக வரும் கல்யாண்குமார் அவளை முன்பு நேசித்தவர். தான் பிழைக்காவிட்டால் அவரையே மணந்துகொள் என்று கணவன் மனைவியிடம் நேருக்கு நேர் சொல்கிறான். முடிவிலே நோயாளி பிழைத்துக்கொள்ள, காப்பாற்றிய வைத்தியர் இறந்துபோகிறார். ஐயா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தன் சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசிய ஒரு மனிதனைக் கண்டு அழுதவர் அவர். அவருக்கு உண்மையைத் தாங்கும் வலு இல்லையென்று பஸ் நிலையத்தில் நின்று தீர்மானித்தவர்கள், இருபத்தெட்டு வயதான நானும் என்னிலும் மூன்று வயது மூத்த அண்ணரும்.

இக்காலத்தில் பயிற்சியின்போதே இதற்கு வழி சொல்லிக் கொடுக்கிறார்களாம். முதலில் நோயாளியிடமே கேட்க வேண்டுமாம்: உமது சுகவீனத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும், எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறீர்? வேண்டாம் என்பவருக்குத் திணிப்பதில்லை. வேண்டும் என்பவருக்கு, அவர் பக்கத்தில் இருந்து, அவர் கேட்கிற அளவுக்கு, மெல்ல மெல்லச் சொல்வது. பேத்தி இதைச் சொன்னபோது, எவ்வளவு சின்ன விஷயம் என்று எண்ணினேன். "புண் எண்டால் இவ்வளவு நாள் எடுக்குமோ?" என்று ஐயா கேட்டாரே, அது கேள்வியல்ல, கதவு. "நீங்கள் என்ன நினைக்கிறியள் ஐயா?" என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். பொய்யும் சொல்லியிருக்கத் தேவையில்லை, உண்மையைத் தூக்கித் தலையில் போட்டிருக்கவும் தேவையில்லை.

1980 தவக்காலத்தில் ஐயா மரித்தார். மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தார். பதினொரு வருடத்துக்குப் பின் எங்கள் முற்றத்தில் அவர் கால் பட்டது அன்றுதான். பெட்டியின் பக்கத்தில் இருந்து குழறினார். இரவு, சனம் குறைந்த பின்பு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "புண் எண்டுதானே சொன்னனீங்கள்? சுகம் வரட்டும், வந்து பாப்பம் எண்டு இருந்தன். எனக்கெண்டாலும் ஏன் சொல்லேல்லை?" ஆம், ஐயாவின் காதுக்குப் போய்விடும் என்று பயந்து அயலுக்கெல்லாம் புண் என்றே சொல்லி வைத்திருந்தோம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர் சுகம் வரட்டும் என்று காத்திருந்தார். அந்தப் பக்கம் ஒருவர் சுகம் வரட்டும் என்று காத்திருந்தார். மாமியும் இறந்து இப்போது இருபது வருடமாகிறது. அவருடைய கேள்விக்கு அன்றும் நான் பதில் சொல்லவில்லை.

படங்கள் பார்த்து முடிந்த அடுத்த நாள் காலை மூத்த மகளைக் கூப்பிட்டு இருத்தினேன். எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "பிள்ளை, எனக்கு ஏதும் வந்தால், அது என்னவெண்டு எனக்குத்தான் முதல் சொல்ல வேணும். அண்ணனோடை விறாந்தையிலை நிண்டு கதைச்சு முடிவெடுக்கிறேல்லை" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களுக்கு ஒண்டும் வராது ஐயா, சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, கேத்தில் கொதிக்கிறதாம் என்று குசினிக்குள் போய்விட்டாள். அடுப்பில் கேத்தில் வைத்திருக்கவில்லை. நான் பின்னாலேயே எழுந்து போனேன்.